புது பிராசஸர் வரப்போகிறது: பொறுக்கலாமா, இப்போதே வாங்கலாமா?

கணினி வாங்கலாம் என்று முடிவெடுத்த நேரத்தில்தான் அந்தச் செய்தி கண்ணில் படும். இன்னும் இரண்டு மூன்று மாதத்தில் அடுத்த தலைமுறை பிராசஸர், அதாவது கணினியின் கணக்குகளைச் செய்யும் முதன்மைச் சில்லு, வருகிறதாம். இப்போது வாங்கினால் உடனே பழசாகிவிடுமோ, பொறுத்தால் இதே காசுக்கு இன்னும் நல்லது கிடைக்குமோ என்று மனம் அலைபாயும். பலர் இந்த இடத்திலேயே மாதக்கணக்கில் நின்றுவிடுகிறார்கள். பிராசஸர் தொழிலில் எந்த நேரத்திலும் ஏதோ ஒன்று வரப்போவதாகத்தான் இருக்கும். ஆகவே 'வரட்டும், பார்க்கலாம்' என்று சொல்லிக்கொண்டே இருந்தால் வாங்கும் நாள் வரவே வராது.

இந்தக் குழப்பத்தைச் சின்னக் கணக்காக மாற்றிவிடலாம். நான் செய்யும் வேலையில் எவ்வளவு வேகம் கூடும்? அதற்கு மொத்தமாக எவ்வளவு கூடுதலாகச் செலவாகும்? காத்திருக்கும் காலத்தில் எனக்கு என்ன இழப்பு? முதல் இரண்டைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், அதுவும் பெரும்பாலும் அரைகுறையாக. மூன்றாவதை யாரும் கணக்கிலேயே எடுத்துக்கொள்வதில்லை.

வேகம் என்றால் எந்த வேலையில்?

இன்டெல்லோடு போட்டியிடும் ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 7 5800எக்ஸ் பிராசஸர் 2020 நவம்பரில் 449 டாலர் அறிமுக விலையில் வந்தது. 2022 ஏப்ரலில் அதே 449 டாலருக்கு 5800எக்ஸ்3டி வந்தது. இரண்டிலும் 8 கோர்கள் (பிராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் கணக்கீட்டுப் பகுதிகள்). புதியதில் எல்3 கேச் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான சிறு நினைவகம்) 32 எம்பியிலிருந்து 96 எம்பியாகக் கூடியது. அந்தக் கூடுதல் கேச்சைச் சில்லின் மேலேயே அடுக்கி வைத்ததால் உச்ச வேகத்தை 4.7 கிகாஹெர்ட்ஸிலிருந்து 4.5 கிகாஹெர்ட்ஸுக்குக் குறைக்க வேண்டியிருந்தது. விளைவு என்ன? விளையாட்டுகளில் புதியது பழையதைத் தெளிவாக முந்தியது. விளையாட்டு அடிக்கடி தேடும் தரவுகள் ராம் (கணினியின் முதன்மை நினைவகம்) வரை போகாமல் கேச்சிலேயே கிடைத்துவிடுவதுதான் காரணம். முப்பரிமாணப் படம் ரெண்டர் செய்வது (கணக்கிட்டு இறுதிப் படமாக்குவது) போன்ற வேலைகளிலோ அதே புதியது கொஞ்சம் பின்தங்கியது. அங்கே கேச்சைவிட கிகாஹெர்ட்ஸ்தான் பேசும்.

ஒரே விலை, ஒரே எண்ணிக்கை கோர்கள். வேலை மாறினால் எது மேல் என்பதும் மாறிவிடுகிறது. அதனால் 'இது நல்ல பிராசஸரா?' என்று பொதுவாகக் கேட்டால் உருப்படியான பதில் கிடைக்காது. 'நான் தினமும் செய்யும் இந்த வேலைக்கு இது எவ்வளவு கூட்டித்தரும்?' என்று கேட்க வேண்டும்.

கோர்களின் எண்ணிக்கையிலும் இதே கதைதான். கோர் இரட்டிப்பானால் வேகமும் இரட்டிப்பாகும் என்று தோன்றும், ஆனால் அப்படி நடப்பதில்லை. ஜீன் ஆம்டால் என்ற கணினி வடிவமைப்பாளர் 1967-லேயே இதைச் சொல்லிவிட்டார். ஒரு கோரில் 100 நிமிடம் எடுக்கும் ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். அதில் 80 நிமிட வேலையைப் பல கோர்களுக்குப் பிரித்துக் கொடுக்கலாம். மீதி 20 நிமிட வேலை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நடக்கும், பிரிக்க முடியாது. 4 கோர் இருந்தால் 80 நிமிடம் 20 ஆகிறது, மொத்தம் 40 நிமிடம். 8 கோரில் மொத்தம் 30. 16 கோரில் 25. ஆயிரம் கோர் போட்டாலும் 20 நிமிடத்துக்குக் கீழே இறங்காது. 4-லிருந்து 8-க்குப் போனபோது 10 நிமிடம் மிச்சமானது. 8-லிருந்து 16-க்குப் போக நல்ல தொகை கூடுதலாகக் கொடுத்தும் 5 நிமிடம்தான் மிச்சம். வீடியோவை ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது, பெரிய நிரலைக் கம்பைல் செய்வது (கணினி ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்றுவது), பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் ரெண்டர் செய்வது ஆகியவற்றில் பிரிக்கக்கூடிய பங்கு அதிகம், அவற்றுக்குக் கோர்கள் கைகொடுக்கும். இணையத்தில் உலாவுவது, எக்செல், ஆவணங்கள் போன்றவற்றில் ஒற்றைக் கோரின் வேகம்தான் கண்ணுக்குத் தெரியும்.

விளையாடுபவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். திரையில் அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு படத்தையும், அதாவது ஃபிரேமையும், பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் சேர்ந்துதான் தயாரிக்கின்றன. இரண்டில் எது மெதுவோ அதுவே கணக்கை முடிவு செய்யும். 4கே திரையில், உயர்ந்த தர அமைப்பில், நடுத்தர கிராபிக்ஸ் கார்டு வைத்து விளையாடினால் பெரும்பாலும் கார்டுதான் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும். அந்தக் கணினியில் எவ்வளவு விலை உயர்ந்த பிராசஸர் போட்டாலும் ஃபிரேம் எண்ணிக்கை அசையாது. விமர்சகர்கள் பிராசஸரைச் சோதிக்கும்போது இருப்பதிலேயே வேகமான கார்டைப் போட்டு, 1080பி என்ற குறைந்த தெளிவுக்குத் திரையை இறக்கித்தான் சோதிப்பார்கள். பிராசஸர்களுக்கு இடையிலான வித்தியாசம் அப்போதுதான் வெளியே தெரியும், ஆகவே அது சரியான முறைதான். ஆனால் அந்த அட்டவணையில் காணும் வித்தியாசம் உங்கள் மேசைக்கு அப்படியே வந்துவிடாது.

உங்கள் கணினியில் எது தடை என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். வழக்கமான வேலையை ஓடவிட்டு விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். கிராபிக்ஸ் கார்டு தொடர்ந்து 95 சதவீதத்துக்கு மேல் நின்றால் பிராசஸர் மீது குற்றமில்லை. ராம் நிரம்பி வழிந்தாலும் அப்படியே. பிராசஸரின் மொத்தச் சதவீதத்தைப் பார்க்கும்போது மட்டும் கவனம் வேண்டும். 8 கோர், 16 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலைத் தொடர்கள்) உள்ள பிராசஸரில் ஒரே ஒரு த்ரெட் முழு மூச்சில் ஓடினால் மொத்தக் கணக்கில் 6 சதவீதம் அளவுக்குத்தான் காட்டும். '6 சதவீதம்தானே, பிராசஸர் சும்மாதானே இருக்கிறது' என்று நினைத்துவிடலாம். உண்மையில் அந்த வேலை ஒற்றைக் கோரின் எல்லையில் முட்டி நிற்கிறது. வரைபடத்தை வலது சொடுக்கி ஒவ்வொரு த்ரெட்டையும் தனித்தனியாகக் காட்டச் சொல்லிப் பார்த்தால் ஓரளவு விளங்கும்.

பெட்டியின் விலையும் கணினியின் விலையும்

என் கருத்தில் அதிகம் பேர் தவறவிடுவது இந்த இடத்தைத்தான். பிராசஸரின் விலையை மட்டும் எடுத்து வேகத்தோடு வகுத்துப் பார்க்கிறார்கள். பிராசஸர் தனியாக ஓடுவதில்லையே.

உண்மை விலைகளை வைத்தே பார்ப்போம். 2019 ஜூலையில் வந்த ரைசன் 5 3600-இன் அறிமுக விலை 199 டாலர். 2020 நவம்பரில் வந்த ரைசன் 5 5600எக்ஸ் 299 டாலர். இரண்டிலும் 6 கோர்கள். விலை 50 சதவீதம் ஏறிவிட்டது. உங்கள் வேலையில் வேகம் 20 சதவீதம் கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பிராசஸரை மட்டும் பார்த்தால் இது நஷ்ட வியாபாரம்: 50 சதவீதம் அதிகம் கொடுத்து 20 சதவீதம் வாங்குகிறோம்.

இப்போது முழுக் கணினியும் புதிதாக வாங்குகிறீர்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். மதர்போர்டு, ராம், எஸ்எஸ்டி, கிராபிக்ஸ் கார்டு, பவர் சப்ளை, கேபினெட் எல்லாம் சேர்த்து 700 டாலர் என்போம். 3600 போட்டால் மொத்தம் 899 டாலர். 5600எக்ஸ் போட்டால் 999 டாலர். கூடுதல் செலவு 11 சதவீதம்தான், கிடைப்பதோ 20 சதவீத வேகம். கணக்கு தலைகீழாகிவிட்டது. எல்லையும் இங்கேயே தெரிகிறது: உங்கள் வேலையில் 11 சதவீதத்துக்கு மேல் வேகம் கூடினால் விலை உயர்ந்தது லாபம். கூடாவிட்டால், உதாரணமாகக் கிராபிக்ஸ் கார்டு தடையாக இருந்து 5 சதவீதம்தான் கூடுகிறது என்றால், 3600-ஐ வாங்கி மிச்சமாகும் 100 டாலரைக் கார்டில் போடுவதுதான் புத்திசாலித்தனம்.

ஏற்கெனவே 3600 இருந்து அதன் இடத்தில் 5600எக்ஸை மாற்றுகிறீர்கள் என்றால் கணக்கு மூன்றாவது விதமாகிறது. அப்போது 299 டாலரிலிருந்து பழையதை விற்றால் வரும் தொகையைக் கழித்து, மீதி முழுவதும் அந்த 20 சதவீதத்துக்கான விலை. பிராசஸரும் விலையும் மாறவில்லை. நீங்கள் எங்கிருந்து கிளம்புகிறீர்கள் என்பதைப் பொறுத்து மூன்று விதமாகப் பதில் வருகிறது. அடுத்தவர் 'வாங்கு' என்றோ 'வாங்காதே' என்றோ சொல்வது உங்களுக்குப் பொருந்தாமல் போவது இதனால்தான்.

மதர்போர்டில் பிராசஸர் பொருந்தும் இடமான சாக்கெட் மாறினால் செலவு இன்னும் கூடும். 2022 செப்டம்பரில் ரைசன் 7000 வரிசை வந்தபோது ஏஎம்5 என்ற புது சாக்கெட்டும் கூடவே வந்தது. அதில் டிடிஆர்5 என்ற புதிய வகை ராம் மட்டும்தான் போடலாம். அப்போது டிடிஆர்5 விலையும் அதிகம், அந்த மதர்போர்டுகளின் விலையும் அதிகம். 7600எக்ஸின் அறிமுக விலை முந்தைய தலைமுறையைப் போலவே 299 டாலர்தான், ஆனால் பழைய ஏஎம்4 சாக்கெட் கணினி வைத்திருந்தவருக்கு அது பிராசஸர், மதர்போர்டு, ராம் என மூன்று பொருள்களின் விலை. அதே ஏஎம்4 மதர்போர்டில் பயாஸை (கணினியைத் தொடங்கிவைக்கும், போர்டிலுள்ள அடிப்படை மென்பொருள்) மட்டும் புதுப்பித்து 5800எக்ஸ்3டி போட்டுக்கொண்டவர்கள் மிகக் குறைந்த செலவில் நல்ல முன்னேற்றம் கண்டார்கள். 2017-இல் முதல் ரைசனோடு வந்த போர்டுகளில் பலவும் அதை ஏற்றுக்கொண்டன.

சாக்கெட் பெயர் ஒன்றாக இருப்பதை மட்டும் நம்பிவிடவும் கூடாது. இன்டெல்லின் 7ஆம் தலைமுறையும் 8ஆம் தலைமுறையும் எல்ஜிஏ1151 சாக்கெட்தான். இருந்தும் 8ஆம் தலைமுறைக்குப் புதிய 300 வரிசை போர்டு வேண்டியிருந்தது.

மின்செலவையும் சூட்டைத் தணிக்கும் கூலரையும் பற்றி ஒரு வார்த்தை. பெட்டியில் போட்டிருக்கும் வாட் எண் முழுக்கதை அல்ல. இன்டெல் கோர் ஐ9 12900கே-வுக்கு அடிப்படை 125 வாட், உச்சம் 241 வாட் என்று இன்டெல்லே குறிப்பிட்டது. உச்சத்தில் ஓடவிட்டால் அதற்கேற்ற கூலருக்கும் காசு வேண்டும். இரண்டு பிராசஸர்களுக்கு இடையே 100 வாட் வித்தியாசம், தினம் 4 மணி நேரம் கனமான வேலை என்றால் வருடத்துக்கு 146 யூனிட் மின்சாரம். உங்கள் ஊர் யூனிட் விலையால் பெருக்கிக்கொள்ளுங்கள். இலகுவான வேலை செய்பவர்களுக்கு இது பொருட்டே இல்லை.

அறிவிப்பை எப்படிப் படிப்பது?

வரப்போகும் பிராசஸரைப் பற்றி முதலில் கிடைப்பது நிறுவனத்தின் சொந்த எண்கள். அவை பொய்யாக இருப்பது அபூர்வம். ஆனால் எந்தச் சோதனையைக் காட்டுவது, எந்தப் பழைய பிராசஸரோடு ஒப்பிடுவது என்பதை அவர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். 2024-இல் ரைசன் 9000 வரிசையை அறிவித்தபோது, ஒரே கிகாஹெர்ட்ஸில் செய்யும் வேலை சராசரியாக 16 சதவீதம் கூடும் என்றது ஏஎம்டி. ஆகஸ்டில் பொருள் வெளியானது. சில கனமான கணக்கீட்டு வேலைகளில் நல்ல முன்னேற்றம் இருந்தது, விளையாட்டுகளில் முந்தைய தலைமுறையைவிடச் சொற்ப வித்தியாசமே தெரிந்தது. அதே வருடம் அக்டோபரில் வந்த இன்டெல் கோர் அல்ட்ரா 200எஸ் மின்சாரத்தை நன்றாகவே மிச்சப்படுத்தியது, ஆனால் பல விளையாட்டுகளில் தனக்கு முந்தைய 14ஆம் தலைமுறையைவிடவே பின்தங்கியது. 2021-இல் வந்த 11900கே-வில் 8 கோர்கள்தான், அதற்கு முந்தைய 10900கே-வில் 10 இருந்தன. புதியது என்பதாலேயே எல்லாவற்றிலும் வேகமாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

அதனால் 'வரை' என்ற சொல்லைக் கண்டால் நிதானிக்க வேண்டும். '30 சதவீதம் வரை வேகம்' என்றால் ஏதோ ஒரு சோதனையில் 30, மற்றவற்றில் அதற்குக் கீழே என்று பொருள். அறிவிப்பின் அடியில் பொடி எழுத்தில் எந்த ராம், எந்தக் கார்டு, எந்த மின் வரம்பில் சோதித்தார்கள் என்று போட்டிருப்பார்கள். அதைப் படிப்பது அலுப்பான வேலைதான், ஆனால் அந்த ஐந்து நிமிடம் வீண்போகாது. அப்புறம், சுயேச்சையான விமர்சனங்கள் வரும்வரை முன்பதிவு செய்யாதீர்கள். அவை பெரும்பாலும் விற்பனைக்கு வரும் நாளிலோ முந்தைய நாளிலோ வந்துவிடும். ஒன்றை மட்டும் நம்பாமல் மூன்று நான்கைப் பார்த்து, உங்கள் வேலைக்குக் கிட்டத்தட்ட ஒத்துப்போகும் சோதனையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அறிவிப்புக்கும் முன்னால் உலவும் வதந்திகளை வைத்துக் கணக்கே போட முடியாது. விலை இல்லாமல் விலைக்கேற்ற வேகம் என்று ஒன்று எப்படி வரும்?

காத்திருப்பதற்கும் விலை உண்டு

பொறுத்தவர்களுக்கு உண்மையிலேயே அள்ளிக்கொடுத்த தருணங்கள் உண்டு. 2006 ஜூலையில் இன்டெல் கோர் 2 டுவோ வந்தது. அதைவிட முக்கியம், அதே மாதம் ஏஎம்டி தன் அத்லான் 64 எக்ஸ்2 வரிசையின் விலையை ஒரேயடியாக வெட்டியது. இன்டெல் வாங்கியவருக்கும் லாபம், ஏஎம்டி வாங்கியவருக்கும் லாபம். 2017 ஜனவரியில் 4 கோர் கொண்ட 7700கே-தான் இன்டெல்லின் சாதாரண வரிசையில் உச்சம். மார்ச்சில் ஏஎம்டி 8 கோர் ரைசன் 7 1800எக்ஸை 499 டாலருக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன் இன்டெல்லின் 8 கோர் 6900கே ஆயிரம் டாலருக்கு மேல் விற்றது. அக்டோபரில் இன்டெல் 6 கோர் 8700கே-வை ஏறத்தாழ 7700கே-வின் விலையிலேயே இறக்கியது. ஒன்பதே மாதத்தில் சந்தை இப்படி மாறியது. இந்த இரண்டு முறையும் பின்தங்கியிருந்த நிறுவனம் பெரிய பாய்ச்சலோடு திரும்பி வந்திருந்தது. போட்டி சூடாகும் அறிகுறி தெரிந்தால் கொஞ்சம் பொறுப்பது நியாயம். அப்போது புதியதை வாங்கத் திட்டமே இல்லாதவருக்கும் பழையதின் விலை இறங்கும்.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. 2020 நவம்பரில் ரைசன் 5000 வந்தபோது நிமிடங்களில் விற்றுத் தீர்ந்தது. பல மாதங்களுக்கு அறிமுக விலையில் கிடைப்பதே அரிதாக இருந்தது, கிராபிக்ஸ் கார்டுகளுக்கும் அதே நிலைமை. பிராசஸர் விலை குறையட்டும் என்று பொறுத்திருக்கும்போது வேறொரு பாகத்தின் விலை ஏறிவிடவும் கூடும். 2025-இன் கடைசி மாதங்களில் செயற்கை நுண்ணறிவு மையங்களின் தேவையால் ராம் விலை கிடுகிடுவென ஏறியது. பிராசஸரில் மிச்சம் பிடித்ததையெல்லாம் ராம் விழுங்கிவிட்டது.

விலை இறங்குவதற்கு ஒரு வரிசை உண்டு. பெரும்பாலும் விலை உயர்ந்த மாதிரிகள் முதலில் வரும், சிக்கனமானவை மாதங்கள் கழித்துத்தான் வரும். 5600எக்ஸ் 299 டாலருக்கு வந்து 17 மாதம் கழித்து, 2022 ஏப்ரலில், அதற்கு மிக நெருங்கிய வேகத்தில் 5600 வந்தது. விலை 199 டாலர். 100 டாலர் மிச்சம்தான். ஆனால் 17 மாதம் அந்த வேகம் இல்லாமல் இருந்ததற்கு என்ன விலை போடுவீர்கள்?

இதையும் எண்ணாக்கலாம். உங்கள் தொழிலில் தினமும் ஒரு மணி நேரம் ரெண்டருக்காகக் கைகட்டிக் காத்திருக்கிறீர்கள், இப்போதே கிடைக்கும் பிராசஸர் அதைப் பாதியாக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாதத்தில் சுமார் 130 வேலை நாள். நாளைக்கு அரை மணி வீதம் 65 மணி நேரம் போகிறது. அந்த 65 மணிக்கு உங்கள் வருமானம் என்னவோ, அதுதான் ஆறு மாதம் பொறுப்பதன் விலை. வரப்போகும் பிராசஸர் இன்னும் பத்து சதவீதம் கூடுதல் வேகம் தந்தாலும் அதை ஈடுகட்டப் பல வருடம் ஆகும். மாறாக, இப்போதுள்ள கணினி எல்லாவற்றையும் சிரமமில்லாமல் செய்கிறது, புதிதாக ஒன்று வேண்டும் என்ற ஆசை மட்டும்தான் என்றால், காத்திருப்பதில் ஒரு பைசா நஷ்டமில்லை. தாராளமாகப் பொறுங்கள்.

சில சமயம் காலக்கெடு வெளியிலிருந்து வரும். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. 8ஆம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் பிராசஸர்களில் பெரும்பாலானவற்றை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. அப்படிப்பட்ட கணினி வைத்திருப்பவர் அடுத்த தலைமுறைக்காகக் காத்திருந்தால் பாதுகாப்பில் ஓட்டை விழ விட்டபடி காத்திருக்கிறார்.

நான் பரிந்துரைப்பது இது. தேதியும் விலையும் அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்டு, விற்பனைக்கு வர ஆறு எட்டு வாரத்துக்குள் இருந்தால் பொறுக்கலாம். விமர்சனம் வரும், பழையதின் விலையும் அசையும், கையில் இரண்டு வழி இருக்கும். தேதியே இல்லை என்றால் இன்றைய சந்தையில் இருப்பதை வைத்து முடிவெடுங்கள். பொறுப்பதாக இருந்தால் இப்போதே இரண்டு எண்களை எழுதி வையுங்கள்: என் வேலையில் இத்தனை சதவீதமாவது கூடினால் புதியதை வாங்குவேன், பழையது இந்த விலைக்கு இறங்கினால் அதை வாங்குவேன். அறிமுக நாளின் ஆரவாரத்தில் மனம் தடுமாறாமல் இருக்க இது உதவும்.

முதல் வாரத்திலேயே வாங்கத்தான் வேண்டுமா என்பது தனிக் கேள்வி. புது பிராசஸர்களுக்கான பயாஸும் விண்டோஸ் மாற்றங்களும் வந்துகொண்டே இருக்கும், சில மாதத்தில் வேகமே கொஞ்சம் கூடியதுண்டு. சில கோளாறுகள் வெகு தாமதமாகத்தான் வெளியே தெரியும். இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்களில் தேவைக்கு மேல் வோல்டேஜ் போய்ச் சில்லைக் கெடுத்த பிரச்சினை 2024-இல்தான் பெரிதாக வெடித்தது. இன்டெல் மைக்ரோகோட் (பிராசஸருக்குள் இருக்கும் கட்டளைகள்) திருத்தம் வெளியிட்டு, வாரண்டியையும் இரண்டு வருடம் நீட்டித்தது. இதற்குப் பயந்து யாரும் வாங்காமல் இருக்க வேண்டியதில்லை, வாரண்டி எத்தனை வருடம் என்று பார்த்து வாங்கினால் போதும்.

புதியதையே வாங்குவதென்று முடிவானால், மதர்போர்டு நிறுவனத்தின் தளத்தில் அந்த போர்டுக்கான பிராசஸர் பட்டியலைத் திறந்து, உங்கள் மாதிரிக்கு எந்த பயாஸ் பதிப்பு வேண்டும் என்று பாருங்கள். பிராசஸர் வருவதற்கு முன்பே தயாராகிக் கடை அலமாரியில் இருந்த போர்டில் பழைய பயாஸ்தான் இருக்கும். புது பிராசஸரைப் போட்டால் திரையில் ஒன்றுமே வராது. பிராசஸர் இல்லாமலேயே யுஎஸ்பி டிரைவ் மூலம் பயாஸைப் புதுப்பிக்கும் பொத்தான் பல போர்டுகளின் பின்பக்கத்தில் இருக்கிறது. அது இருக்கும் போர்டாகப் பார்த்து எடுங்கள். இல்லாவிட்டால், பயாஸைப் புதுப்பித்துத் தரச் சொல்லிக் கடையிலேயே கேட்டு வாங்குங்கள்.